முருகைக்கல் தளிர்விடும் தொட்டி

இந்த அத்தியாயத்துக்குள் நுழையுமுன் தொட்டியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கல்லின் மேலும் பம்பின் மூடியிலும் பின்கண்ணாடியிலும் ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் புள்ளிகள் விழுந்திருக்கின்றனவா? அது சுண்ணாம்புப்பாசி. தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தன் உடம்பைக் கல்லாக்கிக்கொள்ளும் பாசி அது. அது படர்கிறதென்றால், அதே சரக்கை வைத்துக் கட்டட வேலை செய்யும் பவளத்துக்கும் உங்கள் தண்ணீர் ஒத்துவரும். புள்ளி விழவில்லை என்றால் இன்னும் இரண்டு மாதம் பொறுங்கள். பவளத்துக்கு எடுத்துவைத்த பணத்தில் நல்ல பரிசோதனைக் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

எஸ்.பி.எஸ் என்று தொட்டிக்காரர்கள் சுருக்கிச் சொல்வது சிறிய வாய் கொண்ட கல்பவளங்களை. இது உயிரியலார் வகுத்த பிரிவு அல்ல, வளர்ப்பவர்கள் வைத்துக்கொண்ட பெயர். ஏக்ரோபோரா, மான்டிபோரா, பாசிலோபோரா, ஸ்டைலோபோரா, செரியாடோபோரா ஆகியவை இதில் அடங்கும். ஒரு கிளையில் நூற்றுக்கணக்கான பாலிப்புகள் இருக்கும். ஒவ்வொன்றும் கடுகளவு, மிஞ்சினால் மிளகளவு. உயிருள்ள பகுதி மேலே போர்த்திய மெல்லிய தோல்தான். உள்ளே இருப்பதெல்லாம் அந்தத் தோல் கட்டி எழுப்பிய சுண்ணாம்புக்கல். நம் கடற்கரை ஊர்களில் முருகைக்கல் என்பது இதைத்தான். தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பி நிற்கும் தேவாலயச் சுவரைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கல்லில் நெருக்கமாகக் குத்திய ஊசித்துளைகள் நினைவிருக்கும். ஒவ்வொரு துளையிலும் ஒரு காலத்தில் ஒரு பாலிப் குடியிருந்தது.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் கல்பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டுள்ளன. புலி இருக்கும் அதே அட்டவணை. ஆகவே மன்னார் வளைகுடாவில் கரை ஒதுங்கிய துண்டையும் எடுக்க வேண்டாம், கடைக்காரர் ரகசியமாகக் காட்டுவதையும் வாங்க வேண்டாம். இலங்கையிலும் கடலிலிருந்து பவளத்தைப் பெயர்ப்பது குற்றம். நான் வளர்ப்பது சிங்கப்பூரில், ஒரு வீவக அடுக்குமாடி வீட்டில். இங்கே உரிமத்தோடு இறக்குமதியான பவளத்தை வளர்க்கலாம். கல்பவளம் முழுவதும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், ஊருக்குப் போகும்போது தம்பிக்கு ஒரு துண்டு என்று பெட்டியில் வைத்துக்கொண்டு எல்லை தாண்ட முடியாது. வாங்கும்போது, கடலில் வெட்டியதா, பண்ணையிலோ தொட்டியிலோ வளர்த்ததா என்று கேளுங்கள். வளர்த்த துண்டு விலை குறைவு, தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது, அதற்காகப் பாறையில் புதிய காயமும் விழவில்லை. காட்டுப் பவளத்தின் நிறம் எவ்வளவு மயக்கினாலும் முதல் ஆண்டில் அதைத் தொட வேண்டாம் என்பேன்.

தொடங்க ஏற்றது மான்டிபோரா. தட்டுத் தட்டாக விரியும் மான்டிபோரா கேப்ரிகார்னிஸும் விரல்போல் எழும்பும் மான்டிபோரா டிஜிடேட்டாவும் சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். அடுத்தது, பறவைக்கூடு என்று அழைக்கப்படும் செரியாடோபோரா. பாசிலோபோராவும் ஸ்டைலோபோராவும் அதே படியில் நிற்பவை. இவை நான்கு மாதம் தொடர்ந்து வளர்ந்தால் மட்டும் ஏக்ரோபோராவுக்குப் போங்கள். அதிலும் கிரீன் ஸ்லைமர் என்று விற்கப்படும் பச்சை ஏக்ரோபோராவில் தொடங்குவது நல்லது. எல்லாவற்றிலும் இரண்டங்குலத் துண்டு போதும். பெரிய கொத்து வாங்கினால் செலவும் பெரிது, போனால் துக்கமும் பெரிது.

கொத்தனாருக்குச் சுண்ணாம்பு

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், காரத்தன்மையை வையுங்கள். மற்ற எல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

பவளம் ஓயாமல் வேலை செய்யும் கொத்தனார். கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்ததே அதன் கட்டுமானச் சரக்கு. இதில் கால்சியம் தண்ணீரில் தாராளமாக இருக்கிறது. இயற்கைக் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 410 மில்லிகிராம். கார்பனேட் கையிருப்போ மிகக் குறைவு. அதைத்தான் காரத்தன்மையாக அளக்கிறோம், டி.கே.எச் என்ற அலகில். இயற்கைக் கடல்நீரில் அது ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில் இருக்கும். பவளம் கல் கட்டும்போது இரண்டும் ஒரே விகிதத்தில் குறைகின்றன. காரத்தன்மை 1 டி.கே.எச் இறங்கினால் கால்சியம் 7 மில்லிகிராம் இறங்கும். 410-இல் 7 போனால் கருவிக்கே தெரியாது. ஏழில் ஒன்று போனால் வீட்டில் அரிசி தீர்ந்த மாதிரி. அதனால்தான் கால்சியத்தை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும், காரத்தன்மையைத் தொடக்க மாதங்களில் தினமும் பார்க்க வேண்டும்.

எந்த எண்ணில் வைப்பது? 7 முதல் 9 வரை எதுவானாலும் சரி. நண்பர் 9-இல் வைத்திருக்கிறாரே என்று 7.5-இல் நன்றாக இருக்கும் தொட்டியை ஏற்றாதீர்கள். பவளத்துக்கு எண்ணைவிட நிலைதான் முக்கியம். இன்று 7.8, நாளை 7.7, மறுநாள் 7.8 என்று சலிப்பூட்டும்படி உங்கள் நோட்டு இருந்தால் பவளம் வளரும்.

என் இரண்டாம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளந்தபோது 6.4 காட்டியது. பதறிப்போய், 9-க்குக் கொண்டுவரத் தேவையான பொடி முழுவதையும் ஒரே மூச்சில் கரைத்து ஊற்றினேன். புதன்கிழமைக்குள் ஏக்ரோபோராக்களின் நுனிகள் தீய்ந்ததுபோல் வெளுத்தன. அடுத்த வாரம் கிரீன் ஸ்லைமரின் அடியிலிருந்து தோல் உரிந்து மேலேறியது. ஒன்றரை ஆண்டு வளர்ப்பு பத்து நாளில் போனது. 6.4 அதைக் கொல்லவில்லை, கடலுக்கே கிட்டத்தட்ட அந்த எண்தான். ஒரே நாளில் இரண்டரை ஏறியதுதான் கொன்றது. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு அரை டி.கே.எச்சுக்கு மேல் நான் ஏற்றுவதில்லை. நீங்களும் ஏற்றாதீர்கள்.

உங்கள் தொட்டி எவ்வளவு தின்கிறது என்பதை இப்படிக் கண்டுபிடிக்கலாம். எதுவும் ஊற்றாமல் திங்கள் இரவு எட்டு மணிக்கு அளந்து பாருங்கள். புதன் இரவு அதே எட்டு மணிக்கு மறுபடி அளந்து பாருங்கள். முதலில் 8.2, பிறகு 7.4 என்றால் இரண்டு நாளில் 0.8, ஒரு நாளைக்கு 0.4. சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், 100 லிட்டரில் 3 கிராம் கரைத்தால் 1 டி.கே.எச் ஏறும். 200 லிட்டர் தொட்டிக்கு 0.4 வேண்டுமானால் நாளுக்கு 2.4 கிராம். அதற்கு இணையான கால்சியத்துக்குக் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் சுமார் 2.1 கிராம். இரண்டையும் ஒரே பாட்டிலில் கலக்கக் கூடாது. கலந்தால் பாட்டிலிலேயே சுண்ணாம்பாகப் படிந்துவிடும். தனித்தனியாகக் கரைத்து, நீரோட்டம் பலமாக உள்ள இடத்தில், ஒன்றை ஊற்றி அரைமணி கழித்து மற்றதை ஊற்றுங்கள். பவளம் வளர வளரத் தீனியும் கூடும். மாதம் ஒருமுறை இந்தக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். அளவு பெருகியபின் சொட்டு பம்பு வாங்கி நாள் முழுவதும் பிரித்துக் கொடுக்கலாம்.

பெரிய செலவில்லாத இன்னொரு வழி சுண்ணாம்புத் தெளிநீர். சுவிட்சர்லாந்தின் பீட்டர் வில்கென்ஸ் இதைத் தொட்டிக்காரர்களிடையே பரப்பினார். தொட்டியில் ஆவியாகும் நீருக்கு ஈடாக வெறும் நீரை ஊற்றாமல், கால்சியம் ஹைட்ராக்சைடு கரைத்த தெளிநீரை ஊற்றுவதுதான் முறை. பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் கால்சியமும் காரத்தன்மையும் இதில் கிடைத்துவிடுகின்றன. மேலே சொன்ன 200 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 2 லிட்டர் ஆவியாகிறதென்றால், அந்த 2 லிட்டரில் 1 கிராம் சுண்ணாம்பு கரைத்தாலே 0.4 ஈடாகிவிடும். ஒரு லிட்டரில் ஒன்றரை கிராமுக்கு மேல் கரையாது, மீதி அடியில் தங்கும். மேலே மிதக்கும் ஏட்டையும் அடிவண்டலையும் விட்டுவிட்டு நடுத்தெளிவை மட்டும் எடுங்கள். சொட்டுச் சொட்டாக, முடிந்தால் இரவில் விடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் பி.எச் எகிறிவிடும். இது கண்ணில் பட்டால் பொல்லாதது, கண்ணாடியும் கையுறையும் அவசியம். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை எடுத்துவிடாதீர்கள், தூய்மை உறுதியான கால்சியம் ஹைட்ராக்சைடு மட்டும்தான் ஆகும். தூத்துக்குடிப் பக்கத்துத் தீவுகளில் ஒரு காலத்தில் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு இரவும் சுண்ணாம்பைக் கரைத்துப் பவளத்துக்கு ஊட்டும்போது எனக்கு அந்த நினைவு வரும்.

மக்னீசியம் லிட்டருக்கு 1,250 மில்லிகிராமுக்கும் 1,350-க்கும் இடையில் இருக்கட்டும். அது மிகவும் குறைந்தால் கால்சியமும் காரத்தன்மையும் தண்ணீரில் நிற்காமல் தானாகப் படியும். உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35. குழாய்நீரை நேரடியாகத் தொட்டியில் விடவே வேண்டாம். சிங்கப்பூரில் பொதுப் பயனீட்டுக் கழகம் தரும் நீரில் கிருமி நீக்கத்துக்குக் குளோராமின் உண்டு. அது இரவெல்லாம் வாளியில் வைத்தாலும் போகாது. குளோராமினுக்கென்றே உள்ள கரி வடிகட்டி, பிறகு ஆர்.ஓ, பிறகு அயனி நீக்கி, இப்படி மூன்றையும் தாண்டி டி.டி.எஸ் மீட்டர் பூஜ்யம் காட்டும் நீரில்தான் உப்பைக் கரைக்க வேண்டும்.

ஒளி, ஓட்டம், வெப்பம்

பவளத்தின் தோலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியை வைத்து அவை சமைப்பதில்தான் பவளம் பெரும்பாலும் உயிர்வாழ்கிறது. அதனால் விளக்கில் சிக்கனம் பார்க்க முடியாது, அதே சமயம் திணிக்கவும் கூடாது. ஒளியை அளக்கும் பி.ஏ.ஆர் மீட்டரில் மான்டிபோராவுக்கு 150 முதல் 200, ஏக்ரோபோராவுக்கு 250 முதல் 350 போதும். மீட்டர் விலை அதிகம். கடையிலோ நண்பரிடமோ ஒருநாள் இரவல் வாங்கி, தொட்டியின் எந்த மூலையில் எவ்வளவு என்று படம் வரைந்து வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் உதவும். புதுத் துண்டை வந்த அன்றே உச்சிக்கல்லில் ஒட்டாதீர்கள். அடித்தட்டில் வைத்து மூன்று நான்கு வாரத்தில் படிப்படியாக மேலேற்றுங்கள்.

நீரோட்டம் ஒரே பக்கமாகப் பீச்சியடிக்கக் கூடாது. கடலில் அலை போய்த் திரும்புகிறது. தொட்டியிலும் எதிரெதிரே இரண்டு அலை பம்புகளை மாறி மாறி ஓடவிட்டு, நீர் மோதிக் குழம்பும்படி செய்யுங்கள். 200 லிட்டருக்கு இரண்டும் சேர்ந்து மணிக்கு 8,000 முதல் 10,000 லிட்டர் வரை நகர்த்தினால் சரி. பாலிப்புகள் நாற்றுப்போல் இருபுறமும் ஆட வேண்டும். ஒரே திசையில் படுத்துக் கிடந்தால் பம்பைத் திருப்புங்கள். பவளம் வளர்ந்து கொத்தானபின் நடுக்கிளைகளுக்கு ஓட்டம் போய்ச் சேராது. அழுக்கு அங்கேதான் தங்கும், உள்ளிருந்து சாவதும் அப்போதுதான். ஆண்டுக்கொருமுறை ஓட்டத்தைப் புதிதாகப் பார்க்க வேண்டும்.

இந்த ஊரில் ஆளைத் தின்னும் சிக்கல் வெப்பம். பவளத்துக்கு 25 முதல் 27 டிகிரி வேண்டும். வீட்டுக்குள் பகலில் 30-ஐத் தாண்டுகிறது, விளக்கும் பம்பும் அதன் பங்குக்குச் சூடேற்றுகின்றன. வெப்பம் மிஞ்சினால் பவளம் தன் நுண்பாசிகளையே வெளியேற்றிவிட்டு வெள்ளை எலும்பாக நிற்கும். பெருங்கடல்களில் பவளப்பாறைகள் வெளுப்பதும் இதே காரணத்தால்தான். நீர்ப்பரப்பில் மின்விசிறி வைத்தால் ஆவியாதலில் ஓரிரு டிகிரி குறையும். ஈரக்காற்று நிறைந்த சிங்கப்பூரில் அதை மட்டும் நம்ப முடியாது. சில்லர் தேவை. அது தொட்டியின் சூட்டை எடுத்து அறைக்குள் கொட்டும் இயந்திரம். வரவேற்பறை அலமாரிக்குள் அடைத்தால் அது தன் சூட்டையே திரும்பக் குளிர்விக்கப் பாடுபடும். நான் குழாய் நீட்டிச் சமையலறைக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில் வைத்திருக்கிறேன். மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்கள். அசையாத நீரில் ஏக்ரோபோரா சில மணி நேரத்திலேயே மூச்சுத்திணறும். பேட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்று அலமாரியில் இருக்கட்டும்.

நிறம் சொல்வது

துண்டு பழுப்பாகிவிட்டதே என்று பலர் கலங்குகிறார்கள். பழுப்பு நோயல்ல. உள்ளே நுண்பாசி பெருகியிருக்கிறது, அவ்வளவுதான். ஒளி குறைவாகவோ நீரில் சத்து மிகுதியாகவோ இருக்கலாம். பாலிப் விரிந்து நுனி வளர்ந்தால் கவலையே வேண்டாம். வெளிறுவதுதான் அஞ்சத்தக்கது. ஒளி மிகுதி, அல்லது பட்டினி. பட்டினி என்றது வேண்டுமென்றேதான். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் விஷம் என்று நினைத்துப் பூஜ்யம் வரை துடைத்தெடுப்பவர்கள் உண்டு. நைட்ரேட் லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 இருக்க வேண்டும். இரண்டும் பூஜ்யமான தொட்டியில் பவளம் மெலியும், அந்த வெற்றிடத்தில் டைனோபிளாஜலேட் என்ற பழுப்புச் சளி மணல் முழுக்கப் படரும். அப்போது மருந்து தேடாமல் மீனுக்கு நன்றாகத் தீனி போடுங்கள்.

கூடவே வரும் திருடர்கள்

எந்தத் துண்டும் நேராகத் தொட்டிக்குள் போகக் கூடாது. ஏக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு பவளத்தின் நிறத்திலேயே ஒட்டிக்கிடக்கும், ஆள் கண்ணுக்குத் தெரியாது. வட்ட வட்டமாக வெளிறிய கடித்தடங்களும், தோல் போன அடிப்பகுதியில் பழுப்பு முட்டைக் கொத்துகளுமே அதைக் காட்டிக்கொடுக்கும். மான்டிபோராவுக்கு வேறு எதிரி. தட்டின் அடியில் ஒளியும் சில மில்லிமீட்டர் நீள வெள்ளைக் கடல்நத்தை, ஓடில்லாதது.

வெள்ளைப் பாத்திரத்தில் தொட்டிநீரோடு அயோடின் கலந்த குளியல் மருந்தை ஊற்றி, துண்டை முக்கி, பீச்சாங்குழலால் எல்லாப் பக்கமும் பீச்சுங்கள். பாத்திரத்தின் அடியில் விழுவதைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். மருந்தின் அளவும் நேரமும் அதன் சீட்டில் சொல்லியபடி இருக்கட்டும். குளியல் புழுவைத்தான் தள்ளும், முட்டையைக் கொல்லாது. அதனால் துண்டு வந்த பழைய பீடத்தை வெட்டியெறிந்து புதியதில் ஒட்டுங்கள், முட்டையிருந்தால் பிளேடால் சுரண்டுங்கள், தனித்தொட்டியில் ஆறு வாரம் வைத்து வாரம் ஒருமுறை திரும்பக் குளிப்பாட்டுங்கள். ஆறு வாரம் நீளமாகத் தோன்றும். ஒரு முட்டைக் கொத்து உள்ளே போய்விட்டால் ஒட்டிய கிளைகள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும், அதைச் செய்தவன் சொல்கிறேன்.

வெட்டுவதும் கொடுப்பதும்

ஒட்டிய துண்டு முதலில் மேல்நோக்கி வளராது. இரண்டு மூன்று மாதம் அடியில் பரவிக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். வளரவில்லையே என்று இடம் மாற்றிக்கொண்டே இருப்பவர்களின் பவளம்தான் வளர்வதில்லை. பிடிப்பு கிடைத்தபின் நுனிகள் வெள்ளையாகத் துளிர்க்கும். அந்த வெள்ளை நல்லது, புதுக்கல் இன்னும் நிறமேறாத இடம்.

அடியிலிருந்து தோல் உரியத் தொடங்கினால் உப்பு, வெப்பம், காரத்தன்மை மூன்றையும் உடனே அளந்து பாருங்கள். மெதுவாக உரிந்தால் காரணத்தைத் தேட நேரமுண்டு. சில மணி நேரத்தில் கிளை கிளையாக உரிந்தால் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உரியும் எல்லைக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே, நலமான இடத்தில் வெட்டி, ஓட்டம் நன்றாக உள்ள வேறிடத்தில் ஒட்டுங்கள். சில துண்டுகள் பிழைக்கும்.

நன்றாக இருக்கும்போதே வெட்டிக் கொடுப்பது அதைவிட நல்லது. எலும்பு வெட்டும் கத்தரி போதும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு விரல் நீளக் கிளையை ஒரே அழுத்தில் நறுக்குங்கள், வெட்டுவாயைத் துடைத்து, பசைபோன்ற கெட்டியான சயனோஅக்ரிலேட் ஒட்டில் பீடத்தின் மேல் நிறுத்துங்கள். இரண்டு மூன்று வாரத்தில் தோல் ஒட்டின் மேலேறி மூடத் தொடங்கும். பெர்லினில் தீட்ரிச் ஸ்டூபர் என்ற தொட்டிக்காரர் வளர்த்த ஒரு ஏக்ரோபோரா இப்படித்தான் கைமாறிக் கைமாறி ஐரோப்பாவையும் தாண்டி எண்ணற்ற தொட்டிகளுக்குப் போனது. இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

உங்களிடம் உள்ள ஒவ்வொரு வகையிலும் ஒரு துண்டு, குறைந்தது இரண்டு வேறு வீடுகளில் இருக்கட்டும். வெட்டிய தேதியையும், அன்றைய காரத்தன்மையையும், யாரிடம் கொடுத்தீர்கள் என்பதையும் நோட்டில் எழுதுங்கள். என் கிரீன் ஸ்லைமர் போன அந்த வாரத்துக்கு நான்கு மாதம் முன்பு, அதே குடியிருப்பில் ஏழாவது மாடியில் இருக்கும் அண்ணன் ஒருவருக்கு விரலளவு கிளை ஒன்று கொடுத்திருந்தேன். செய்தி கேட்டு அவர் கத்தரியோடு தொட்டியருகே போனார். இப்போது என் தொட்டியின் வலப்பக்கக் கல்லில் நிற்கும் கொத்து அவர் வெட்டித் தந்ததுதான்.